டாக்டர் ரஸ்தம் ஜால் வக்கீல்

பெயரைக் கேட்டவுடன் கறுப்பு அங்கி அணிந்து உயர்நீதிமன்றப் படியேறும் ஒருவரை எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! வக்கீல் என்பது அன்னாரின் குடும்பப் பெயர். தொழிற்பெயரையே குடும்பப் பெயராகக் கொள்வது பார்சி மக்களிடம் வழங்கிவரும் பழக்கம். பரூக் இஞ்சினியரும் நாரி காண்டிராக்டரும் கிரிக்கெட் ஆடினார்களேயன்றிப் பாலம் கட்டவில்லை. அவ்வாறே 1911-இல் பிறந்த ரஸ்தம் ஜால் வக்கீலும் நீதிமன்றம் ஏறியவரல்லர். ஆயினும் ஒரு வழக்கை அவர் எடுத்து நடத்தினார். கட்சிக்காரர் ஒரு செடி. சாட்சிகள் 50 நோயாளிகள்.

அச்செடியை வடமொழியில் சர்ப்பகந்தா என்பர். தமிழில் சிவன் அமல்பொடி என்ற பெயரும் உண்டு. பாம்புக் கடிக்கும், காய்ச்சலுக்கும், உறக்கமின்மைக்கும், சித்தம் கலங்கியோருக்கும் அதன் வேரைக் கொடுப்பது நம் நாட்டின் நெடுநாள் வழக்கம். பீகார்ப் பகுதியில் பைத்தியத்துக்கான மருந்து என்ற பெயராலேயே அவ்வேர் விற்பனையாயிற்று. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போசும், இவ்வேர் மனநோயைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலீன் என்று பெயரிட்டார். இவ்வளவும் இந்திய ஏடுகளில் அச்சேறின. கடல் கடந்து எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வக்கீல் இலண்டனில் மருத்துவம் பயின்று பம்பாய் திரும்பி, பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் இருதய மருத்துவராகப் பணிபுரிந்தார். மாதுங்காவில் ரயில் ஏறும் நம் தோழர்களுக்குத் தாதருக்கு அடுத்த நிலையம்தான் பரேல். அந்நாளில் உயர் இரத்த அழுத்தத்துக்கு உருப்படியான மருந்து உலகில் எங்கும் இல்லை. உறக்க மருந்து கொடுப்பார்கள். நரம்பை வெட்டி எடுப்பார்கள். அமெரிக்காவில் கெம்ப்னர் என்பவர் உப்பில்லாச் சோறும் பழமும் கொடுத்துப் பார்த்தார். (சோறு தின்றே வளர்ந்த நமக்குச் சோறே மருந்தாயிற்று என்பது வேடிக்கைதான். ஆனால் உப்பும் ஊறுகாயும் இல்லாச் சோற்றை எத்தனை நாள் விழுங்க முடியும்?) 1945-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மாண்ட அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300-க்கு 190 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் தலைவருக்கே கொடுக்க மருந்தில்லாத காலம் அது.

அக்காலத்தில்தான் வக்கீல் சர்ப்பகந்தா வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்து வந்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னர் எவ்வளவு அழுத்தம், பின்னர் எவ்வளவு, மூக்கடைப்பு உண்டா, நாடி தளர்கிறதா, உறக்கம் மிகுகிறதா என்று குறித்து வைத்தார். அவ்வாறு 50 பேரின் கணக்கைத் தொகுத்து 1949-இல் இலண்டனில் வெளியாகும் பிரிட்டிஷ் இருதய ஏட்டுக்கு அனுப்பினார். இன்றைய அளவுகோலில் 50 என்பது சிறு எண்ணிக்கைதான். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. பாஸ்டன் நகரத்து ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்து, வேரை வரவழைத்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் உயிர்நாடியான பொருளைப் பிரித்து ரெசர்ப்பீன் என்று பெயரிட்டனர். 1954-இல் நியூயார்க் மாநிலத்தில் நேதன் க்ளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். மன அமைதி மருந்துகள் என்ற புதுக்குலம் குளோர்ப்புரோமசீனோடும் ரெசர்ப்பீனோடும் பிறந்தது. 1957-இல் லாஸ்கர் பரிசு க்ளைன் முதலியோருக்கு வழங்கப்பட்டபோது வக்கீலுக்கும் வழங்கப்பட்டது. மறு ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் அளித்தது.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் மன்றக் கூட்டங்களில் எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று முழங்கினால் கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. நானும் தட்டியிருக்கிறேன். வக்கீலுக்கும் முன்னோர் பெருமையில் குறைவில்லை. இந்திய மருத்துவ வரலாற்றைப் பற்றி நூலே எழுதியவர். ஆனால் இருதய ஏட்டுக்கு அவர் அனுப்பியது பெருமையை அன்று, அட்டவணையை. சித்த மருத்துவ நூல்களில் உறங்கும் வேர்களுக்கும் இப்படி ஓர் அட்டவணை போடுவார் வேண்டும். அறிவியல் படிக்க ஊரைவிட்டு இந்நகருக்கு வந்த நாம் போடாவிட்டால் வேறு எவர் போடுவார்?

ரெசர்ப்பீன் செய்யும் வேலை எளிதில் விளங்கக் கூடியது. நரம்பு முனைகளில் நார் அட்ரினலின், செரட்டோனின், டோப்பமின் ஆகியவை சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. அப்பைகளுக்குள் சரக்கு ஏறும் வாயிலை ரெசர்ப்பீன் அடைத்து விடுகிறது. சில நாளில் கிடங்கு காலியாகும். அழுத்தம் இறங்கும், படபடப்பு அடங்கும், மனம் ஓயும். 1957-இல் சுவீடனின் கார்ல்சன் இம்மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோப்பா கொடுத்து எழுந்தோடச் செய்தார். அவ்வாராய்ச்சியின் வழியே நடுக்குவாத நோய்க்கு மருந்து கிட்டிற்று. 2000-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டிற்று.

படபடப்பு என்றதும் கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியை நினைக்காமல் இருக்க முடியாது. அச்சுரப்பி மிகுதியாகச் சுரந்தால் உடல் அட்ரினலினுக்கு அளவுமீறி இணங்குகிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வராது. காரணமில்லாத அச்சமும் கூடும். பார்ப்பவர் மனக்கவலை என்றே சொல்வர். ஆகவே 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயாளிகளுக்கு ரெசர்ப்பீனைக் கொடுத்துப் பார்த்தனர். நடுக்கமும் படபடப்பும் தணிந்தன. ஆனால் சுரப்பியின் மிகை குறைந்தபாடில்லை. மணியின் நாக்கைக் கட்டினார்களே தவிர, மணி அடிப்பவனை நிறுத்தவில்லை.

இது பழங்கதை அன்று. தாராவியில் இருக்கும் என் சித்திக்குத் தைராய்டுச் சுரப்பு குறைவு; லிவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு மாத்திரையின் அளவைக் கூட்டிய சில வாரங்களில் அவருக்குப் படபடப்பும் உறக்கமின்மையும் வந்தன. மகன் வேலை தேடி அலைகிற கவலை என்று வீட்டில் அனைவரும் முடிவு கட்டினோம். வேறொரு மருத்துவர் மனக்கவலைக்கு மாத்திரை எழுதினார். தைராய்டு மாத்திரையைப் பற்றி அவரிடம் எவரும் சொல்லவில்லை. சித்தி உறங்கினார், விரல் நடுக்கமும் ஓரளவு அடங்கியது. அதனால் நான்கு மாதம் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பின்னர் மெலிந்துபோன உடலைக் கண்டு சோதித்தபோதுதான் லிவோதைராக்சின் மிகையாகிவிட்டது தெரிந்தது. அளவைக் குறைத்ததும் கவலை மாத்திரைக்கே தேவை இல்லாமல் போயிற்று. அதையும் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே விட்டார்.

இரண்டு மாத்திரையும் வயிற்றில் சண்டையிட்டுக்கொண்டன என்று எங்கள் சாலில் பேசிக்கொண்டார்கள். அப்படி அன்று. ஒன்று விளைத்த தீங்கை மற்றொன்று மறைத்தது, அவ்வளவே. இரண்டு மருந்துகளுக்கிடையே நேராகவும் சில தொடர்புகள் உண்டு. செர்ட்ராலின் என்னும் மருந்தைத் தொடங்கியபின் சிலருக்கு லிவோதைராக்சின் கூடுதலாகத் தேவைப்பட்டதாக அறிக்கைகள் உள்ளன. சுரப்புக் குறைவு சரிவரத் தீராதவருக்கு உறக்கமூட்டும் கவலை மருந்துகள் அளவுக்கு மீறி அசதி தரக்கூடும். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் கண்டு தந்த புரோப்ரனலால், ரெசர்ப்பீன் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேடையேற நடுங்குவோருக்கும் தைராய்டு மிகையால் நடுங்குவோருக்கும் அதுவே இன்று வழங்குகிறது. அதுவும் நடுக்கத்தை அடக்குமேயன்றிச் சுரப்பியின் மிகையைத் தீர்க்காது. தேர்வுக்கு முன் நண்பனின் மாத்திரையை வாங்கி விழுங்கும் விடுதித் தோழர்கள் இதைக் கருத வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்தும்கூட. லிவோதைராக்சினோ வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டியது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளியே வர வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தச் சோதனை உண்டு.

கோல்வாலாவோடு சேர்ந்து வக்கீல் எழுதிய நோயாய்வு நூல் மாணவருக்குப் பெயர் சொல்லும் நூலாயிற்று. கண்ணாலும் கையாலும் நோயாளியை ஆராயும் கலை அதன் பொருள். கழுத்தைப் பார், நாடியைப் பிடி, கையை நீட்டச் சொல்லி விரலைக் கவனி என்பவை அக்கலையின் அரிச்சுவடி. என் சித்தியின் கையை நீட்டச் சொன்னவர் எவரும் இல்லை.

ரெசர்ப்பீனின் புகழ் நெடுநாள் நீடிக்கவில்லை. அதைச் சாப்பிட்ட சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர்; தற்கொலை எண்ணமும் சிலரிடம் தோன்றியதாகச் செய்திகள் வந்தன. இதைவிட நல்ல மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1974-இல் இலண்டன் லான்செட் ஏட்டில், ரெசர்ப்பீன் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மிகுகிறது என்று கட்டுரைகள் வெளியாகி உலகைக் கலக்கின. அவ்வாண்டிலேயே வக்கீல் காலமானார். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அக்குற்றச்சாட்டு நிற்கவில்லை. அதற்குள் மருத்துவர்கள் வேறு மருந்துகளுக்குப் போய்விட்டார்கள். செடியோ அளவின்றித் தோண்டப்பட்டு அருகிவிட்டபடியால், 1990 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டின்கீழ் இருந்து வருகிறது.