டோனாவூர் அம்மை
ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு



அயர்லாந்து நாட்டின் கடற்கரைச் சிற்றூராகிய மில்லைலில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாயாரின் கண்கள் நீல நிறமுடையவை. தன் கண்களோ பழுப்பு நிறமாக இருக்கின்றனவே என்று அவளுக்கு மனக்குறை. இறைவனிடம் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்று தாயார் சொல்லிக் கொடுத்திருந்தார். எனவே ஓர் இரவு படுக்கப் போகுமுன், தன் கண்களை நீல நிறமாக்கித் தரும்படி மிகுந்த நம்பிக்கையோடு வேண்டிக்கொண்டாள். பொழுது விடிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியில் பார்த்தாள். பழைய பழுப்பு நிறக் கண்களே அவளைத் திரும்பிப் பார்த்தன. குழந்தை திகைத்து நின்றது. கேட்டதற்கு இல்லை என்பதும் ஒரு விடைதான் என்று வீட்டார் அவளுக்கு விளக்கினர்.

அச்சிறுமியே பிற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார். அவர் 1867ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். பெற்றோர்க்கு ஏழு மக்கள், அவரே மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தி வந்தார். பின்னர்க் குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885இல் தந்தையார் இறந்தார். அப்போது ஏமிக்கு வயது பதினேழு.

பெல்பாஸ்ட் நகரில் நிகழ்ந்த ஒன்று அவர் வாழ்வைத் திருப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வழிபாடு முடிந்து தம்பியரோடு வீடு திரும்புகையில், பாரமான மூட்டையைச் சுமக்கமாட்டாமல் தள்ளாடிய ஏழை மூதாட்டி ஒருவரைக் கண்டனர். மூவரும் மூட்டையை வாங்கிக் கொண்டு கிழவியைத் தாங்கி நடந்தனர். எதிரே நல்லுடை உடுத்த பெரிய மனிதர்கள் வந்தார்கள். கந்தல் உடுத்த கிழவியோடு செல்வதைப் பார்த்து விடுவார்களே என்று ஏமிக்கு முகமெல்லாம் சிவந்தது. உதவி செய்யும்போதே அதற்காக வெட்கப்பட்டதை அவர் பின்னாளில் மறைக்கவில்லை; தாமே எழுதி வைத்தார். நல்லவர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். விடுவது தவறு என்பது என் கருத்து. அன்று வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தி முழந்தாளிட்ட பின்னரே, எது நிலைக்கும், எது அழியும் என்ற கேள்வி அவருள் எழுந்தது.

அந்நகரின் ஆலைகளில் ஏழைப் பெண்கள் பலர் வேலை செய்தனர். தொப்பி வாங்கப் பணமின்றித் தலையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு வருவார்கள். நம் மலையில் விடியற்காலைக் குளிரில் தலையைப் போர்த்துக்கொண்டு கொழுந்தெடுக்கப் புறப்படும் தாய்மார்களை அறிந்த உங்களுக்கு அக்காட்சி புதிதன்று. கோயிலுக்கு வரும் கௌரவமான குடும்பத்தினர் சிலர் அப்பெண்களை விரும்பவில்லை. ஏமி அவர்களைக் கூட்டிக் கல்வியும் இறைச்செய்தியும் புகட்டினார். கூட்டம் பெருகவே, ஐந்நூறு பேர் அமரத்தக்க தகரக் கொட்டகை ஒன்று 1889இல் எழும்பியது. அதற்காக அவர் எவரிடமும் கையேந்தவில்லை. வேண்டுவதை இறைவனிடம் மட்டும் கேட்பது என்ற வழக்கத்தை அன்று தொடங்கி இறுதிவரை கைவிட்டாரில்லை.

உடல்நலமோ அவருக்கு என்றும் வாய்க்கவில்லை. நரம்புவலி வந்தால் வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பார். 1892இல் சீனாவிற்குச் சென்று தொண்டு செய்ய முன்வந்தபோது, இவ்வுடல் அந்நாட்டைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1893இல் சப்பான் நாட்டிற்குச் சென்றார். பதினைந்து திங்களில் நோய் அவரை அங்கிருந்தும் வெளியேற்றியது. சிலகாலம் இலங்கையில் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பினார். 1895இல் இந்தியாவிற்கு வந்தார். வந்த புதிதிலேயே டெங்குக் காய்ச்சல் அவரை வாட்டியது. பார்த்தவர்கள் ஆறு திங்கள்கூட நீடிக்கமாட்டார் என்றே எண்ணியிருப்பார்கள். அவரோ ஒருமுறையேனும் தாய்நாட்டிற்கு விடுமுறையில் செல்லாமல், ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்திய மண்ணிலேயே வாழ்ந்தார்.

தாமஸ் வாக்கர் என்னும் தமிழறிந்த போதகரிடம் அவர் தமிழ் கற்றார். கற்றது எளிதாக இல்லை. ஆயினும் விடவில்லை. அயல்நாட்டு உடையைக் களைந்து சேலை உடுத்தினார். பொன்னம்மாள் என்னும் இளம் விதவை முதலிய தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். தமிழ்ப் பெண் போலவே தோன்றியதால் அயலார் நுழைய முடியாத இடங்களுக்கும் அவரால் செல்ல முடிந்தது என்றும், சிறுவயதில் வேண்டாமென்று வெறுத்த பழுப்புக் கண்களின் பயனை அப்போதுதான் உணர்ந்தார் என்றும் சொல்லப்படுகிறது.

அக்காலத்தில் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டிக் கோயில்களுக்கு விடும் வழக்கம் இருந்தது. கலையும் பக்தியுமாகத் தொடங்கிய அவ்வழக்கம், காலப்போக்கில் சீரழிந்து, விவரமறியாப் பெண் குழந்தைகளைப் பிறர் கைப்பொருளாக ஆக்கிவிட்டது. இதைக் கூறும்போது எந்தச் சமயத்தையும் குறைகூறுவதாக யாரும் எண்ணலாகாது. இவ்வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடியவர் அந்தச் சமூகத்துத் தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரே. அவரைப் போன்றோர் முயற்சியால் 1947இல் சென்னை மாகாணத்தில் இவ்வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஏமி அம்மையார் காலடி வைத்தபோது அந்தச் சட்டம் வருவதற்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பண்ணைவிளை என்னும் ஊரில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்து சேர்ந்தாள். முன்னொருமுறை தப்பித் தாயிடம் ஓடியதற்காக அவள் கைகளில் சூடு போடப்பட்டிருந்தது. மீண்டும் தப்பி வந்தவளை ஒரு பெண்மணி அம்மையாரிடம் அழைத்து வந்தார். வந்த குழந்தை அம்மையாரின் மடியில் ஏறி அமர்ந்துகொண்டது. தான் கண்டதையெல்லாம் சொல்லியது. அதைக் கேட்டபின், ஊர் ஊராகச் சுற்றும் வேலை அவருக்குப் பழையபடி இருக்க முடியவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர் என்று ஓர் ஊர். டோனா என்ற செர்மானியப் பிரபுவின் பொருளுதவியால் அங்குக் கோயில் எழுந்ததால் அப்பெயர் வந்தது. அங்கே குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 1904இல் பதினேழு பேர்; 1913இல் 130 பேர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். நம் ஆயாக் கொட்டகையில் முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால் ஆயாமார் படும் பாடு நமக்குத் தெரியும். அவர்களையாவது மாலையில் தாய்மார் வந்து தூக்கிச் செல்வர். டோனாவூரில் மாலையில் வருவதற்கு யாருமில்லை. பாலூட்டுவதும், துணி துவைப்பதும், இரவில் நோயுற்ற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருப்பதும் அங்குள்ள பெண்களின் நாள்தோறும் கடமையாயின. நற்செய்தி சொல்ல வந்தவர் குழந்தைகளின் கால் கழுவிக் கொண்டிருக்கிறாரே என்று உடன் ஊழியர் சிலரே முகம் சுளித்தனர். குழந்தையைக் கடத்தினார் என்று வழக்கும் சிறையும் வருமோ என அஞ்ச வேண்டிய நாள்களும் இருந்தன.

குழந்தைகள் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. அதற்காக அவர் வருந்திக் கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் இல்லத்திற்கு வந்து சேர்ந்த நாளையே ‘வந்த நாள்’ என்று மலர்களோடு கொண்டாடினார். கோடை வெப்பத்தில் பிள்ளைகள் வாடியபோது, 1917இல் மலைமேல் காடும் ஓடையுமான இடத்தை வாங்கி அங்கே அழைத்துச் சென்று நீந்தவும் மரமேறவும் விட்டார். குளிர்ந்த மலையில் பிறந்து வளரும் உங்களுக்கு அந்த மகிழ்ச்சியின் அருமை முழுதும் விளங்காது!

துன்பங்கள் தொடர்ந்தன. கைக்குழந்தைகள் பலர் நோயால் மடிந்தனர். 1912இல் ஆசானும் துணையுமாயிருந்த வாக்கர் மறைந்தார். அடுத்த ஆண்டு தாயார் மறைந்தார். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் உயிர் நீத்தார். 1919இல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-இந்து பதக்கம் வழங்கியது. பாராட்டு அவருக்குக் கூச்சத்தையே தந்தது. அதைப் பெறும் விழாவிற்கும் அவர் செல்லவில்லை.

இனிச் சொல்லப் போவதே, இவ்வரலாற்றை இம்மலருக்கு எழுத என்னைத் தூண்டிய பகுதி.

1931ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள். அன்று காலை அம்மையார், தம்மை ஊழியத்திற்கு மேலும் தகுதியாக்க எதைச் செய்யினும் சம்மதமே என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டார். மாலையில், மருந்தகம் தொடங்குவதற்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கக் களக்காட்டிற்குச் சென்றார். பொழுது மங்கிவிட்டது. வேலையாட்கள் தவறான இடத்தில் புதிதாகக் குழி வெட்டியிருந்ததை அவர் அறியவில்லை. குழியில் விழுந்து கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்று எல்லோரும் நம்பினர். அவரும் நம்பினார். டோனாவூர் முழுவதும் அதற்காக வேண்டியது. கால் தேறவில்லை. வலி முதுகிற்கும் கைகளுக்கும் பரவியது. பின்னர் வாழ்ந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் அவர் பெரும்பாலும் அந்த ஓர் அறையிலேயே இருந்தார்.

ஏன்? குழந்தைகளுக்காகவே வாழ்ந்தவருக்கு, ஆண்டவர் ஏன் அந்தக் காலைத் திருப்பித் தரவில்லை? நம் தோட்டத்திலும் மழையில் நனைந்த சரிவில் கால் தவறி விழுந்து, பல திங்கள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடப்போர் உண்டு. அத்தகையவர் ஒருவரைப் பார்க்கச் சென்று, ஆறுதல் கூறுவதாக எண்ணிச் சில சொற்களைச் சொல்லிவிட்டு, அவர் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டு தலைகுனிந்து திரும்பியவன் நான். நலமாக நடமாடுவோன் படுத்திருப்பவனுக்குச் சொல்லும் ஆறுதலில் ஏதோ ஒன்று குறைகிறது.

அம்மையாரும் அதையே உணர்ந்தார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. நோயுற்றோர்க்கென நலமுள்ளோர் எழுதி அனுப்பிய நூல்கள் அவருக்கு ஆறுதல் தராமல் எரிச்சலையே தந்தன. ஆகவே தாமே எழுதினார். படுக்கையிலிருந்து படுக்கைக்கு எழுதிய மடல்கள் 1933இல் நூலாக வெளிவந்தன. அதில் அவர் வலியைச் சிறிதாக்கிக் காட்டவில்லை. இரவு நீள்வதையும், உறக்கம் வராததையும், பிறர்க்குப் பாரமாகிவிட்டோமே என்ற வேதனையையும் உள்ளபடி கூறினார். ஆண்டவர் குணமாக்கவில்லை, ஆனால் அறையை விட்டுப் போகவுமில்லை என்பதே அவர் கண்டது. தம் வாழ்நாளில் அவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களில் பல அவ்வறையில் எழுதப்பட்டவையே.

அவ்வறைக்குச் ‘சமாதான அறை’ என்று பெயர். பிள்ளைகள் முறைவைத்து வருவர். வர இயலாதவர்க்குச் சிறு கடிதங்கள் போகும். வெளியே பறவைக் கூண்டு ஒன்று இருந்தது. அவற்றின் ஒலி அவருக்குத் தோழமையாயிற்று. அவர் பிறர்க்குச் செய்தே பழகியவர். உண்மையைச் சொன்னால், சற்றுப் பிடிவாதமும் உடையவர். அத்தகையவர் தம்மைப் பிறர் தூக்கி அமர்த்தவும் கழுவவும் இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. அவரைத் தாங்கிய கைகள் பெரும்பாலும் அவர் ஒருகாலத்தில் மடியில் போட்டு வளர்த்த பெண்களின் கைகளே. 1939இல், தமக்குப்பின் பொறுப்பேற்பார் என்று நம்பியிருந்த அருளாய் என்பவரும் இறந்துவிட்டார். 1948இல் அறைக்குள்ளேயே மீண்டும் விழுந்தார். அதன்பின் படுக்கையை விட்டு எழவேயில்லை. ஆயினும் அவர் விழுவதற்கு முன் திட்டமிடப்பட்ட மருத்துவமனை, அவர் படுத்திருந்த காலத்திலேயே வளர்ந்து, சுற்றுவட்டாரத்து மக்கள் எல்லாச் சமயத்தாருக்கும் மருத்துவம் செய்தது.

1951ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தம் கல்லறைமேல் கல் நாட்டலாகாது என்று முன்னரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட்டனர். ஆனால் ஒன்றுமே வைக்காமலிருக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. பறவைகள் நீர் அருந்துவதற்கான கல்தொட்டி ஒன்றை அங்கே அமைத்தனர். அதில் பெயரில்லை. அவர்கள் அவரை அழைத்த ‘அம்மை’ என்னும் ஒரு சொல் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது.