பழவேற்காட்டுப் போதகர் ஆபிரகாம் ரொஜேரியுஸ்

எமது விடுதிச் சிற்றாலயத்தில் காலைதோறும் சுவிசேஷப் பகுதி ஒன்று வாசிக்கப்படுகின்றது. ஏரிக்கரையில் வலையும் கையுமாய் நின்ற மீனவரை ஆண்டவர் அழைத்த வரலாறு வரும்பொழுதெல்லாம் என் மனம் கலிலேயாவுக்குச் செல்வதில்லை. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டுக்கே செல்கின்றது. அங்கும் ஏரி உண்டு, படகு உண்டு, வலை உலர்த்தும் மணல்மேடு உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவர் என்று 'பாடு' வகுத்துப் பிழைக்கும் மீனவர் குப்பங்கள் அவ்வேரியைச் சூழ்ந்து இன்றும் இருக்கின்றன. அவ்வூரில் பதினேழாம் நூற்றாண்டில் போதகராய் வாழ்ந்து, தம் பெயரை நூல்வழியே நிலைநிறுத்திய ஒல்லாந்தர் ஒருவரின் சரிதத்தையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

அவர் வந்த கப்பல் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒல்லாந்த வணிகர் 1610-ஆம் ஆண்டு விசயநகர வேந்தரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் சாந்தோம் போர்த்துக்கேயர் அதனைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டிலேயே கெல்திரியா என்னும் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளுக்குக் கிழக்குத் தீவுகளில் பெருமதிப்பு இருந்தமையால், இங்கே துணி வாங்கி, ஆங்கே அதனைக் கொடுத்துச் சாதிக்காயும் கிராம்பும் கொள்வதே அவர்கள் வாணிகத்தின் சூட்சுமம். துணியோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கோட்டையைச் சார்ந்து வெடிமருந்தும் செய்யப்பட்டது. பஞ்சக் காலங்களில் தம்மையும் தம் மக்களையும் விற்க நேர்ந்த ஏழைகள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இத்தகைய கும்பினியாரே தம் ஆட்களின் ஆன்ம நலத்திற்கென்று போதகர்களையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தனர்.

அப்போதகர்களை ஆயத்தப்படுத்தக் கும்பினியார் 1622-இல் லெய்டன் நகரில் ஒரு கலாசாலை நிறுவி, வாலேயுஸ் என்னும் வேதசாஸ்திரப் பேராசிரியரை அதற்குத் தலைவராக்கினர். அவரிடம் பயின்ற மாணாக்கருள் ஒருவரே ஆபிரகாம் ரொஜேரியுஸ். பத்தாவியாவுக்கு வந்து, சூரத்தில் சிறிது காலம் தங்கிய பின் பழவேற்காட்டை அடைந்தார். 1642 வரை, ஏறத்தாழப் பத்தாண்டுகள், அங்கே ஊழியஞ்செய்தார். அவருடைய சபையார் யாவர்? கோட்டைக் காவலர், கணக்கர், வணிகர், அவர்கள் இந்நாட்டில் மணந்த மனைவியர், அம்மனைவியர் பெற்ற பிள்ளைகள். கரையோரத்தில் பலரும் அறிந்த பொதுமொழி அக்காலத்தில் போர்த்துக்கேய மொழியே. எதிரியின் மொழியாயிற்றே என்று தயங்காமல் ரொஜேரியுஸ் அதனைக் கற்றுக்கொண்டு அதிலும் போதித்தார்.

இவ்வளவே செய்திருந்தால், கோட்டைக்குள் பிரசங்கித்து மறைந்த பல போதகருள் ஒருவராகவே அவர் போயிருப்பார். ஆனால் ஒல்லாந்தரின் பாதுகாப்பை நாடி அவ்வூரில் தங்கியிருந்த பத்மநாபன் என்னும் பிராமணர் ஒருவரை அவர் கண்டார். இருவர்க்கும் தாய்மொழி வேறு, சமயம் வேறு. இடையே நின்ற பாலம் போர்த்துக்கேயம். ஒருவர் வினவ, மற்றவர் விடையிறுக்க, அவ்விடைகளைப் போதகர் பொறுமையுடன் எழுதிக்கொண்டார். பிராமணரின் அன்றாட ஒழுக்கங்கள், திருமணம், ஈமக்கடன், கணவனுடன் தீப்புகும் வழக்கம், கோயில்கள், திருவிழாக்கள், திருமாலின் அவதாரங்கள் ஆகியன எல்லாம் அவ்வேட்டில் இடம்பெற்றன. பிறர் சமயத்தைக் கேள்வியால் மாத்திரம் அறிந்து இகழ்வது மலிந்திருந்த அந்நாளில், அதனைப் பின்பற்றுவார் ஒருவரையே அணுகிக் கேட்டது சிறு செயலன்று. என் சிற்றறிவுக்கு எட்டியவரை, சீஷத்துவத்தின் ஒரு பாதி கேட்டலிலேயே அடங்கியிருக்கிறது. எம்மனோர் பேசுதற்கு விரைகிறோம்.

பத்மநாபனின் துணையால் வடமொழிக் கவி பர்த்ருஹரியின் சதகங்களுள் இரண்டு, நீதியைப் பற்றியதும் வைராக்கியத்தைப் பற்றியதும், ஒல்லாந்த மொழியில் அமைந்தன. வடமொழியிலிருந்து ஐரோப்பிய மொழியொன்றிற் பெயர்க்கப்பட்டு அச்சேறிய முதல் நூற்பகுதி அதுவே என்பர். மூன்றாவதாகிய சிருங்கார சதகத்தை விளக்கப் பத்மநாபன் இசையவில்லை. தமிழ் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வீரமாமுனிவர் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது, அறத்தையும் பொருளையும் பெயர்த்து இன்பத்தை விட்டுவிட்டார். அங்கே விட்டவர் பாதிரியார். இங்கே மறுத்தவர் பிராமணர்! பழவேற்காட்டில் அமர்ந்திருந்த ரொஜேரியுஸ் காதில் குறள் ஒன்றேனும் விழுந்திருக்கலாகாதா என்று ஏங்குவதும் என்னால் தவிர்க்கக்கூடவில்லை.

அவர்பாற் குறை இல்லையென்று சொல்லேன். அவர் நூலுக்கு இட்ட பெயர், மறைந்துகிடந்த அஞ்ஞானத்திற்குத் திறந்த வாசல் என்னும் பொருளது. உள்ளே காணும் நிதானம் தலைப்பில் இல்லை. மேலும், அவர் கேட்டறிந்தது பெரும்பாலும் பிராமணர் வாய்மொழியே. கோட்டை மதிலிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில் வலை இழுத்த மீனவரின் தெய்வம் யாது, அச்சம் யாது, பாட்டு யாது என்பவற்றிற்கு அவ்வாசல் அகலத் திறக்கவில்லை. முதற் சீஷர்கள் வலையை விட்டுவிட்டுப் பின்சென்றவர்கள். ரொஜேரியுஸோ கும்பினியின் சம்பளத்தை விடாமலே பின்சென்றார். அடிமைகளை ஏற்றிய அதே கரையில்தான் அவர் ஞாயிறுதோறும் பிரசங்கித்தார். அதே காலத்தில் மதுரையில் தத்துவ போதகர் நொபிலி தம் நாட்டு நடையுடையைத் துறந்து சந்நியாசியாய் வாழ்ந்ததை ஒப்பிட்டு நோக்கினால், இக்குறை இன்னும் தெளிவாகத் தெரியும். அவர் கைவிலங்கு அவர் காலத்தது என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கும்பினிகள் ஒழிந்தாலும் சம்பளங்கள் ஒழியவில்லையே.

1642-இல் பத்தாவியா சென்று ஐந்தாண்டு உழைத்தபின், 1647-இல் தாய்நாடு திரும்பினார். 1649-இல் கௌடா நகரில் உயிர் நீத்தார். நூல் அப்பொழுது அச்சாகவில்லை. அவர் மனைவியார் அக்கையெழுத்துப் பிரதியைப் பேணி வைத்திருந்து, 1651-இல் லெய்டனில் வெளிவரச் செய்தார். 1663-இல் ஜெர்மானியத்திலும் 1670-இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது. ஹெர்டர் போன்ற ஜெர்மானியப் பேரறிஞர் பர்த்ருஹரியை முதலில் அறிந்தது அவ்வழியே. தென்னிந்திய சமய வாழ்வை அத்துணை நிறைவாய்க் கூறும் நூல் பிறிதில்லை எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பர்னல் என்னும் வடமொழி வல்லுநர் அதனை மெச்சினார். இத்தனைக்கும் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த நூலோ 1867 வரை அச்சைக் காணவில்லை. ரொஜேரியுஸின் நூலுக்கும் அக்கதி நேராமற் காத்தவர் அவ்வம்மையாரே.

கெல்திரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்க, உள்ளே குலச்சின்னம் பொறித்த கற்களின்கீழ்க் கும்பினியார் உறங்குகின்றனர். ரொஜேரியுஸுக்கு அங்கே கல் இல்லை. பத்மநாபனுக்கு எங்குமே கல் இல்லை. ஆயினும் தமக்குக் கற்பித்தவர் இன்னார் என்று போதகர் மறவாமற் குறித்துவைத்தமையால், அப்பெயர் அந்நூலில் இருக்கின்றது.