இசை பயின்ற மருத்துவர்

கலைகள் பலவற்றுள்ளும் கற்பவனைக்காட்டிலும் அவன் அயலாரைப் பெரிதும் வருத்துவது இசைக்கலை ஒன்றேயாம். கணக்குப் பயில்வோன் பிழை செய்தால் அவனும் அவன் ஏடும் மட்டுமே அறியும்; வயலின் பயில்வோன் பிழை செய்தாலோ விடுதி முழுதும் அறியும். பழைய வயலின் ஒன்றை யாம் விலைக்கு வாங்கிய நாள்தொட்டு இவ்வுண்மையை நன்குணர்ந்துள்ளோம். சரளிவரிசையின் முதல் வரிசையை யாம் தொடங்கியதும் அடுத்த அறை நண்பர் தம் சாளரத்தைச் சாத்துவார். இரண்டாம் வரிசையிலே கதவைச் சாத்துவார். மூன்றாம் வரிசையிலே எமது கதவைத் தட்டுவார். நான்காம் வரிசை எத்தகையது என்பதை யாம் நெடுநாள் கண்டிலோம்.

இசைமரபு சிறிதும் இல்லாத குடியிற் பிறந்து, பத்தொன்பதாம் வயதிலே, தேர்வுகளுக்கு இடையிடையே கற்கும் இவ்விசையால் யாது பயன் என்று மனந்தளர்ந்து, அவ்வயலினை விற்றுவிடவும் துணிந்தோம். அந்நிலையில் ஒருநாள் நூல்நிலையத்திலே தஞ்சை ராவ்சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதரவர்கள் இயற்றிய கருணாமிர்தசாகரம் எம் கண்ணிற்பட்டது. எடுத்துப் பார்த்தோம். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் எமது வயலினைவிடக் கனமாக இருந்தது. இத்துணைப் பெருநூலை எழுதியவர் இசையையே தொழிலாகக் கொண்டவராதல் வேண்டும் என்று கருதினோம். ஆனால் அவரோ மருத்துவர்! வியப்புற்று அவர் வரலாற்றை ஆராயப் புகுந்தோம். அதன் சுருக்கத்தை ஈண்டுத் தருகின்றோம்.

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரிலே 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் பண்டிதர் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். ஆசிரியராதல் வேண்டித் திண்டுக்கல்லுக்குச் சென்று பயிற்சிப் பள்ளியிலே சேர்ந்தார். சென்றது பாடஞ்சொல்லக் கற்றுக்கொள்ளவே. எனினும் கற்றவை பல. நிழற்படம் எடுக்கும் கலையை அங்கே பயின்றார். சடையாண்டிப் பத்தர் என்னும் இசைவாணரை அடுத்து வயலின் பயின்றார். மருத்துவ நூலாராய்ச்சியிலும் மனத்தைச் செலுத்தினார். மூலிகைகளை நாடிச் சுருளிமலைக்குச் சென்றவிடத்துக் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவர்பால் மருத்துவ முறைகளை அறிந்துகொண்டார். ஒரு பயிற்சிக்குச் சென்று நான்கு கலைகளுடன் மீண்ட அவரை நினைக்குந்தோறும், ஒரு பட்டத்திற்கு வந்து அதனையே பெறுவோமோ என்று ஐயுறும் எம் போலியர் நாணுதல் இயல்பே.

1882-இல் அவர் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சைக்கு வந்து பெண்கள் பள்ளியொன்றிலே பணியேற்றனர். மனைவியார் தலைமையாசிரியர், கணவர் தமிழாசிரியர். இல்லத்திலே தலைவர் எவராயினும் ஆகுக; பள்ளியிலே தலைவர் யாரென்பதில் ஐயமில்லை. பண்டிதர் 1890-இல் ஆசிரியப் பணியை விடுத்து மருத்துவத்தையே மேற்கொண்டார். அவர் செய்த கோரோசனை மாத்திரை முதலிய மருந்துகள் நாடெங்கும் பரவின, பொருளும் குவிந்தது. தஞ்சை நகர்ப்புறத்திலே பெருந்தோட்டம் ஒன்றை அமைத்து, ஆசானை மறவாராய் அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். மூலிகையும் கரும்பும் அங்கே செழித்தன. விளைபொருட் காட்சிகளிலே அவர் பரிசுகளும் பெற்றார். சென்னை ஆளுநராயிருந்த லாலி துரையின் பெயரால் மின்விசையால் இயங்கும் அச்சகம் ஒன்றையும் நிறுவினார்.

இங்ஙனம் செல்வமும் சிறப்பும் எய்தியவர் திண்டுக்கல்லில் பிடித்த வில்லை மறந்திருப்பினும் எவரும் குறைகூறார். அவரோ மறந்திலர். மாத்திரை உருட்டிய கையே வில்லையும் ஏந்திற்று. அக்காலத்தே இசை தொடங்குவோர் பெரும்பாலும் பொருள் விளங்காத தெலுங்கு, வடமொழிப் பாடல்களையே பயின்றுவந்தனர். பண்டிதர் தமிழிலே 96 பாடல்களை இயற்றிச் சுரக்குறிப்புடன் நூலாக்கினார். மேனாட்டு இசைமுறையையும் கற்றார். தம் மக்களுக்கும் இசையைக் கற்பித்தார்.

நிற்க. கற்கும் பிள்ளை கேட்கும் வினாவிற்கு ஆசிரியர் சிலர் விடையும், சிலர் குட்டும் அளிப்பர். பண்டிதர் உள்ளத்தெழுந்த வினாவோ பெரும்புலவரையும் திகைக்கச் செய்வது. ஒரு தாயியிலே அமைந்த சுருதிகள் எத்தனை என்பதே அது. சாரங்கதேவர் முதலிய வடநூலார் 22 என்றனர்; அறிஞர் பலரும் அதனையே கொண்டனர். ஆயின் அவ்விருபத்திரண்டையும் அளந்து காட்டுங்கால் ஒருவர் அளவு மற்றொருவர் அளவோடு பொருந்தவில்லை.

பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் நாடினார். பன்னிரண்டு இராசி இல்லங்களை வட்டமாக நிறுத்தி இசைநரம்புகளை அவற்றில் அமைக்கும் முறையை அங்கே கண்டார். சட்சம் ஓரில்லத்தில் நின்றால், பஞ்சமம் ஏழு இல்லங்கள் கடந்து நிற்கும். இவ்வாறே ஏழேழாகக் கடந்து சென்றால், ஓரில்லத்தையும் விடாது பன்னிரண்டையும் மிதித்து, புறப்பட்ட இல்லத்திற்கே வந்து சேரலாம். ஆனால் தந்தியை மூன்று கூறாக்கி இரண்டு கூற்றிற் பஞ்சமத்தைக் கொள்ளும் கணக்கின்படி சென்றாலோ, பன்னிரண்டாம் அடியிலே சட்சத்தின் வாயிலைச் சிறிது கடந்து நிற்போம். ஊர்சுற்றி இரவில் மீளும் விடுதி மாணவன், தன் அறைக்கதவு ஓரடி தள்ளியிருப்பதாகக் கண்டு சுவரில் முட்டிக்கொள்வது போன்றதே இது. வட்டம் வட்டமாகவே முடிதல் வேண்டுமெனின், பன்னிரண்டு இல்லங்களும் ஒத்த அளவினவாதல் வேண்டும். அவற்றை இருமடியாக்கச் சுருதிகள் 24 ஆகும் என்பது பண்டிதர் கொள்கை.

பிறர் அவரவர் கொள்கையை வீட்டுத் திண்ணையில் சொல்லி மகிழ்வர். பண்டிதர் 1912-இல் தஞ்சையிலே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். அதன் சார்பில் ஏழு மாநாடுகளைத் தம் சொந்தப் பொருளைக் கொண்டே நடத்தினார். இசைவாணரையும் புலவரையும் பல ஊர்களினின்றும் வரவழைத்து உபசரித்தார். தம்மை மறுப்பவர்க்கும் தாமே விருந்திட்டு அவர் மறுப்பைக் கேட்டிருத்தல் எளிய செயலன்று. யாம் எம் அறைக்கு வரும் நண்பர்க்குத் தேநீர் அளிப்பதே எம் வயலினைப் புகழ்தற்பொருட்டன்றோ! 1916-இல் பரோடாவிலே கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டிற்கும் பண்டிதர் சென்றார். அவர் குடும்பத்துப் பெண்மக்கள் அவர் கொள்கையை இசையாலே விளக்கிக் காட்டினர். மறு ஆண்டு, 1917-இல், கருணாமிர்தசாகரம் அவருடைய அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அறுபதாண்டு நிரம்பிய அதே திங்களில், பண்டிதர் இவ்வுலகை நீத்தார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகத்தை 27 ஆண்டுகள் கழித்து, 1946-இல், அவர் மகளார் மரகதவல்லி துரைப்பாண்டியன் வெளியிட்டார்.

இனி, அவர் விட்டுச்சென்ற செல்வம் யாதென ஆராய்வோம். அவர் வாழ்நாளெல்லாம் நிலைநாட்ட முயன்ற 24 சுருதிக் கணக்கை இசையறிஞர் பலர் ஏற்றிலர். பாடுவோர் குரலும் தந்தியில் விரலும் ஒத்த அளவாக வகுத்த இல்லங்களில் அடங்கி நில்லாமல், கமகத்திலே அசைந்து உலவுவன என்பர் அவர். எம் சிற்றறிவிற்கும் அம்மறுப்பில் வலிமையுண்டென்றே தோன்றுகின்றது. அங்ஙனமாயின் அவர் உழைப்பு வீணாயிற்றோ? எம்மை நெடுநாள் வருத்திய வினா இதுவே. ஏனெனில் எமது வயலினின் தலைவிதியும் இவ்வினாவிலேயே தொங்கிற்று.

வீணாகவில்லை என்பதே யாம் கண்ட விடை. இன்று கருநாடக இசையென வழங்குவது பழந்தமிழிசையின் வழிவந்ததே என்று அவர் நூற்சான்று காட்டி நிறுவ முயன்றார். அதுகாறும் புலவர் பொருள்கூறிக் கடந்து சென்ற ஆய்ச்சியர் குரவை, இசையாராய்ச்சியின் களமாயிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1947-இல் விபுலானந்த அடிகளாரின் யாழ்நூல் வெளிவந்தது. அவர்தம் முடிவுகள் பண்டிதர் முடிவுகளே அல்ல; எனினும் அவ்வழியில் முன்னே நடந்த அடிச்சுவடு பண்டிதருடையது. விடையில் தவறியவரும் வினாவால் வாழ்தல் கூடும். அன்றியும், அறுபதாண்டிலும் மாணவராகவே இருந்த ஒருவரது வாழ்க்கை தன்னளவிலே இனியதோர் இசையன்றோ? இசையையே தொழிலாகக் கொண்ட குடியிற் பிறவாமை அவர்க்குத் தடையாகவில்லை. பிறதொழில் உடைமையும் தடையாகவில்லை. அத்தொழிலே இசைக்குப் பொருளுதவிற்று.

இவற்றையெல்லாம் எண்ணி, வயலினை விற்கும் எண்ணத்தை விட்டொழித்தோம். யாம் ஆயிரம் பக்க நூல் எழுதப்போவதில்லை. ஏழு மாநாடு கூட்டப்போவதுமில்லை. ஆயினும் நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் மாணவராயிருத்தல் எமக்கும் இயலும். சென்ற கிழமை நான்காம் வரிசையை எட்டினோம் என்பதையும் அன்பர்கட்குப் பணிவுடன் அறிவிக்கின்றோம். அடுத்த அறை நண்பர், ஆபிரகாம் பண்டிதரவர்களை முன்னிட்டேனும், எம்மைப் பொறுத்தருள்வாராக.