பழுதைத் தேடிய பெருமாட்டி

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. ஆனால் கணிப்பொறியின் முன் அமர்ந்ததும் நம் பொறுமை எங்கேயோ பறந்துவிடுகிறது. திரையில் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தால், ஒரே பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறோம், மேசையைத் தட்டுகிறோம், முடிவில் பொறி பழசாகிவிட்டது என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். அது ஏன் மந்தமாயிற்று என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? அந்த ஏன் என்னும் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் அமெரிக்க நாட்டுக் கணித மேதை கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று அறிய ஆசைப்பட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. உள்ளமைப்பைப் பார்ப்பதற்காக அடுத்ததைத் திறந்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாயின! அன்னை செய்தது என்ன? இனிக் கடிகாரங்களைத் தொடவே கூடாது என்று தடுக்கவில்லை; பிரித்துப் பார்க்க ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள இசைந்தார். நம் வீடுகளில் மிக்சி நின்றுவிட்டால், நீ கை வைக்காதே, அண்ணன் வரட்டும் என்று பெண்களைத் தடுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அன்று அந்தத் தாயும் அவ்வாறு தடுத்திருந்தால் உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கும் அல்லவா?

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்ற கிரேஸ், 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே ஆசிரியப் பணியும் ஆற்றினார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது நாட்டுக்கு உழைக்க விரும்பிக் கடற்படையை அணுகினார். வயது அதிகம், உடல் எடை குறைவு என்ற தடைகள் எழுந்தன. அவர் தளரவில்லை. எடைக்குச் சிறப்பு அனுமதி பெற்று, 1943இல் தம் 37ஆம் வயதில் சேர்ந்தார்.

1944இல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினர். அங்கே காத்திருந்தது மார்க் ஒன்று என்னும் கணிப்பொறி. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறத்தாழ 5 டன் எடை! இத்தனை பெரிய பொறி ஒரு நொடிக்கு மூன்று கூட்டல்களே செய்தது. ஒரு பெருக்கலுக்குச் சுமார் ஆறு நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்று நம் மேசைமேல் இருக்கும் பொறியோ ஒரு நொடியில் பல நூறு கோடிச் செயல்களைச் செய்கிறது. அதைத்தான் நாம் மந்தம் என்று குறை கூறுகிறோம்!

மார்க் ஒன்று அடிக்கடி பழுதாகும். அதற்காக யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. அம்மையார் விளக்குகளை அணைத்துவிட்டுத் தம் கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொறியின் இடுக்குகளில் காட்டி, எந்த இணைப்பில் தீப்பொறி பறக்கிறது என்று தேடுவாராம். அலங்காரப் பொருளும் ஆராய்ச்சிக் கருவியாயிற்று!

1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் இரண்டு என்னும் பொறி தடுமாறியது. உடன் உழைத்தவர்கள் தேடியபோது ஒரு மின் இணைப்பில் விட்டில்பூச்சி சிக்கி இறந்து கிடந்தது. அதை எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்து, பூச்சியையும் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பழுதைப் பூச்சி என்று குறிக்கும் வழக்கு எடிசன் காலத்திலேயே உண்டு. எனினும் இந்நிகழ்ச்சியைச் சென்ற இடமெல்லாம் சொல்லிப் பரப்பியவர் ஹாப்பர் அம்மையாரே.

தாமதம் பொறியில் மட்டுமா இருக்கிறது? கட்டளைகளை எண்களாக மாற்றிக் கையால் எழுதும்போது மனிதர்களே தவறு செய்வதையும், அதனால் நாட்கள் வீணாவதையும் அவர் கண்டார். அந்த வேலையைப் பொறியிடமே ஒப்படைக்கும் வழியை 1952இல் வகுத்தார். பொறிக்கு ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளையிடும் முறையையும் பின்னர் உருவாக்கினார். 1959இல் பிறந்த கோபால் என்னும் கணிப்பொறி மொழிக்கு அதுவே அடித்தளமாயிற்று.

ஹாப்பர் சிறந்த ஆசிரியரும் ஆவார். தம் சொற்பொழிவுகளில் சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை வழங்குவார். நம் பெட்டியிலுள்ள அடிக்கோலின் அளவுதான். ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் அவ்வளவே. வழி நீண்டால் செய்தி தாமதமாகும் என்பதை இவ்வாறு கையில் கொடுத்தே விளக்கினார்.

நம் சென்னையிலும் 1973இல் அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணிப்பொறி வந்தது. மாணவர்கள் துளையிட்ட அட்டைகளில் கட்டளைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தனர். இன்றோ சில நொடிகள்கூட நமக்கு யுகமாகத் தோன்றுகின்றன.

அம்மையாரின் வழியை நாமும் பின்பற்றலாம். எங்கள் கணிப்பொறி ஒன்று மிகவும் மந்தமானபோது, ஆசிரியையின் மேற்பார்வையில் மின் இணைப்பை நீக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். விசிறியில் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. சூடு மிகும்போது பொறி தன்னைக் காத்துக்கொள்ளவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மெல்லிய தூரிகையால் தூசியை நீக்கினோம். பின்னர், பொறியை இயக்கியதுமே தாமாகத் தொடங்கும் தேவையற்ற செயலிகளை நிறுத்தினோம். நினைவகம் நிரம்பிவிட்டால் பொறி வட்டை நாடி ஓட வேண்டியிருக்கிறது. வட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆகவே ஒரே நேரத்தில் பலவற்றைத் திறந்து வைப்பதைக் குறைத்தோம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பொறி தயாராக எத்தனை நொடிகள் ஆயின என்று நோட்டில் குறித்தோம். அனைத்தையும் ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று எப்படி அறிவது? பழசு என்று ஒதுக்கப்பட இருந்த அந்தப் பொறியில் இன்று ஆறாம் வகுப்புத் தங்கைகள் பயில்கிறார்கள்.

கடற்படை ஒருமுறை ஓய்வு கொடுத்து அனுப்பியும், 1967இல் ஆறு மாத வேலைக்காக அவரை மீண்டும் அழைத்தது. அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது! 1986இல் ரியர் அட்மிரல் என்னும் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. இப்படித்தான் எப்போதும் செய்து வந்தோம் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்காது. அதை உணர்த்தவே தம் அலுவலகச் சுவரில் பின்னோக்கி ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். 1992 ஜனவரி முதல் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1997இல் பணியில் சேர்ந்தது. அமெரிக்க அரசு தன் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை 2016இல் அவருக்கு வழங்கிப் போற்றியது.

அன்புத் தோழியரே! பழுது என்பது பொறியின் மேல் கோபம் கொள்வதற்கன்று, காரணம் காண்பதற்கு. திறந்து பார்ப்போம், தேடுவோம், கண்டதை எழுதி வைப்போம். பெற்றோரே! உங்கள் மகள் திருப்புளியைக் கையில் எடுத்தால், அந்த அன்னையைப் போல் ஒரே ஒரு கடிகாரத்தையாவது அவளிடம் கொடுங்கள்.