பல்வங்கர் பாலூ

பல்வங்கர் பாலூ (மார்ச் 19, 1876 – ஜூலை 4, 1955) இந்தியத் துடுப்பாட்டத்தின் (கிரிக்கெட்) தொடக்க காலத்தில் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் ஆவார். இடதுகை மெதுவேகச் சுழற்பந்து வீச்சாளரான இவர், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து நாடறிந்த விளையாட்டு வீரராக உயர்ந்த முதல் இந்தியராகக் கருதப்படுகிறார். 1911 இல் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் இவரே. தம் இருபது வயது முதல் இந்துக்களின் அணிகளுக்காக விளையாடிவந்த பாலூ, அவற்றுள் முதன்மையான பம்பாய் இந்துக்கள் அணியிலிருந்து 1920 இல், தமது 44 ஆவது வயதில் நீக்கப்பட்ட நிகழ்வு, இந்திய விளையாட்டு வரலாற்றில் சாதி வெளிப்படையாகப் பேசுபொருளான முதல் தருணங்களுள் ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

பாலூ இன்றைய கர்நாடக மாநிலத்தின் தார்வாடில் பிறந்தார். இவரது குடும்பம் கொங்கணக் கடற்கரையின் பல்வன் என்னும் சிற்றூரைச் சேர்ந்தது. பல்வங்கர் என்ற பெயர் அவ்வூரிலிருந்து வந்தது. தோல் தொழிலோடு தொடர்புடைய சமார் சாதியைச் சேர்ந்த இவரது தந்தை, புனேயில் இராணுவத்தில் பணியாற்றி வந்தார். சிவராம், கண்பத், விட்டல் என்ற தம்பிமார் மூவரும் பின்னாளில் பெயர்பெற்ற துடுப்பாட்டக்காரர்கள் ஆயினர். ஒரே வீட்டிலிருந்து நால்வர் முதல்தரத் துடுப்பாட்டத்திற்கு வந்தது எக்காலத்திலும் அரிது. அக்காலத்தில், அச்சமூகத்திலிருந்து என்பது இன்னும் அரிது.

புனேயில் படைவீரர்கள் விட்டுச்சென்ற மட்டைகளையும் பந்துகளையும் கொண்டே அண்ணனும் தம்பியும் ஆடக் கற்றனர். பாலூவின் முதல் வேலை பார்சிகளின் துடுப்பாட்டக் கழகம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 இல் ஐரோப்பியருக்கு மட்டுமேயான புனே கழகத்தில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். வலை கட்டுவது, கோடு போடுவது, களத்தைப் பராமரிப்பது ஆகியவை அங்கே இவரது பணிகள்.

அக்கழகத்தின் சிறந்த மட்டையாளராக இருந்தவர் ஜே. ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி. அவர் மற்றவர்களுக்கு முன்பே களத்திற்கு வந்து பாலூவைப் பந்துவீசச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்று சொல்லப்படுகிறது. பல்லாயிரக்கணக்கான பந்துகளை வீசி வீசியே பாலூவின் கை பழகியது. ஆனால் அக்கழகத்தில் இவருக்கு மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமாருக்கு உரியது, பந்து வீசுவது வேலையாளுக்கு உரியது என்பது அன்றைய வழக்கம். முதல்தர ஆட்டங்களில் இவரது ஓட்டச் சராசரி 13.69 என்ற அளவில் நின்றுவிட்டதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

இந்துக்கள் அணியில் இடம்

புனேயில் இந்துக்களின் கழகம் ஐரோப்பியரின் கழகத்தை எதிர்த்து ஆடி வந்தது. அதை வெல்வதற்கு ஏற்ற பந்துவீச்சாளர் எதிர்க் கழகத்திலேயே வேலையாளாக இருந்தார். அவரைச் சேர்த்துக்கொள்வதா என்பதில் இந்து உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தனர். தீண்டாமையைக் காரணம் காட்டி எதிர்த்தவர்களும் இருந்தனர், ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்று ஆதரித்தவர்களும் இருந்தனர். இறுதியில் வெற்றி ஆசை வென்றது. பாலூ அணியில் சேர்க்கப்பட்டார்.

ஆனால் அந்தச் சமத்துவம் எல்லைக்கோட்டுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியானது. களத்தில் இவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, இவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனி. பந்தின் மேலுறை தோலால் ஆனது என்பது அப்போது எவருக்கும் தடையாகத் தெரியவில்லை போலும்.

சாத்தாராவில் ஐரோப்பியரை எதிர்த்து நடந்த ஆட்டத்தில், பாலூவின் பந்து சுழலாதிருக்கும்படி ஆடுகளம் பல நாட்கள் உருளையிட்டு இறுக்கப்பட்டது. அதிலும் இவர் ஏழு இலக்குகளை (விக்கெட்) வீழ்த்தி வெற்றி தேடித் தந்தார். அதன்பின் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே இவரைப் புகழ்ந்து பேசினார். களத்தில் ஒன்றாக ஆடுபவரோடு ஒன்றாக உண்ண மறுப்பது முறையா என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்தது. பின்னர் ஒரு விழாவில் பால கங்காதர திலகரும் இவருக்கு மாலை அணிவித்தார்.

பம்பாய்

1896 இல் பரவத் தொடங்கிய கொள்ளைநோயை அடுத்துப் பாலூ பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கு பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவில் சேர்க்கப்பட்டார். இங்கும் எதிர்ப்பு இருந்தது. அணித்தலைவர் கீர்த்திகர் வற்புறுத்தியதால் எதிர்ப்பு அடங்கியது. ஓர் இரயில்வே நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது.

அக்காலத்தில் பம்பாயின் பெரிய ஆட்டங்கள் சமூக அடிப்படையில் அமைந்த அணிகளுக்கு இடையே நடந்தன. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் ஆகியோர் ஆடிய முத்தரப்புப் போட்டி 1907 இல் தொடங்கியது. முஸ்லிம்கள் அணி 1912 இல் சேர்ந்தபோது அது நாற்றரப்புப் போட்டியானது. சென்னையிலும் ஏறத்தாழ இதே சூழல்தான். சேப்பாக்கத்தின் ஐரோப்பியர் கழகத்தில் இந்தியருக்கு இடமில்லாததால் புச்சிபாபு நாயுடு 1888 இல் மெட்ராஸ் யுனைடெட் கழகத்தைத் தொடங்கினார். அவரது முயற்சியால் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையிலான மாகாண ஆட்டம் 1908 இன் இறுதியில் தொடங்கியது. ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் இந்தியர் அனைவரும் ஓரணியாக ஆடினர், பம்பாயில் சமயத்திற்கு ஓரணி.

1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி முதன்முறையாக ஐரோப்பியரைச் சந்தித்தது. இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும் ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். 109 ஓட்டங்களில் கிடைத்த இவ்வெற்றியில் பாலூ எட்டு இலக்குகளைக் கைப்பற்றினார். வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் வலுத்திருந்த வேளை அது. எனவே இவ்வெற்றி விளையாட்டுச் செய்தியாக மட்டும் பார்க்கப்படவில்லை.

1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணம்

பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் சென்ற அனைத்திந்திய அணி, 23 ஆட்டங்களில் ஆறில் மட்டுமே வென்றது. அணித்தலைவர் பெரும்பாலும் விருந்துகளில் பொழுதைக் கழித்தார். 35 வயதைக் கடந்திருந்த பாலூதான் அணியின் சுமையைத் தாங்கினார். அனைத்து ஆட்டங்களிலும் சேர்த்து 18.84 சராசரியில் 114 இலக்குகள் வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டப்பகுதியில் 103 ஓட்டங்களுக்கு 8 இலக்குகள் எடுத்தது இவரது மிகச் சிறந்த பந்துவீச்சு. லெஸ்டர்சையருக்கு எதிராக 11 இலக்குகள் எடுத்து அணியை வெற்றிபெறச் செய்தார். சோமர்செட்டுக்கு எதிரான ஓர் இலக்கு வெற்றிக்குத் தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் எடுத்த 113 ஓட்டங்கள் காரணம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடதுகைப் பந்துவீச்சாளர் வில்பிரெட் ரோட்சுடன் பாலூ ஒப்பிடப்பட்டார்.

நாடு திரும்பியதும் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் இவருக்கு வரவேற்பு அளித்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலை எழுதியவர் அன்று இளைஞராக இருந்த அம்பேத்கர் என்று வரலாற்றாளர் இராமச்சந்திர குகா எழுதியுள்ளார்.

தலைமைப் பதவியும் விலகலும்

தகுதியாலும் மூப்பாலும் இந்துக்கள் அணியின் தலைமை பாலூவுக்கு உரியது என்ற கருத்து 1910 முதலே இருந்துவந்தது. ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக்குழு பிராமணர் ஒருவரையோ வேறு உயர்சாதியினரையோ தேர்ந்தெடுத்தது. 1913 இல் தலைவரான எம். டி. பாய், இப்பெருமை மூத்தவரான பாலூவுக்குச் சேரவேண்டியது என்று வெளிப்படையாகவே கூறினார். தேர்வுக்குழு அசையவில்லை.

1920 ஆம் ஆண்டுப் போட்டிக்கு முன்னர் நிலைமை முற்றியது. 44 வயதான பாலூ அணியிலிருந்து நீக்கப்பட்டார். பாய் உடல்நலமின்றி இருந்ததால் தலைமை வேறொருவருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அணியில் மூத்தவரான விட்டல் இருந்தும், அவரைவிட இளையவரான புனேயின் டி. பி. தேவ்தர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவ்தர் திறமைமிக்க மட்டையாளர், இத்தேர்வில் அவர்மேல் குறை ஏதுமில்லை. விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி, தாங்கள் விலகக் காரணம் சாதிப் பாகுபாடே என்று அறிக்கை வெளியிட்டனர். தமையனுக்குத் தொடர்ந்து இழைக்கப்பட்ட அநீதியையும் அதில் சுட்டிக்காட்டினர். விளையாட்டு வீரர்கள் தங்கள் வேலைநிறுத்தத்திற்குச் சாதியைக் காரணமாக அறிவித்தது அன்று எவரும் எதிர்பாராதது. தீண்டாமை ஒழிப்பைச் சுயராச்சியத்தோடு இணைத்துக் காந்தி பேசத் தொடங்கியிருந்த ஆண்டும் அதுவே.

பொதுமக்கள் கருத்து சகோதரர்கள் பக்கம் திரும்பியது. பார்சிகளுக்கு எதிரான அடுத்த ஆட்டத்திற்குள் பாய் குணமடைந்து தலைமைக்குத் திரும்பினார். சகோதரர்கள் அணிக்கு அழைக்கப்பட்டனர், பாலூ துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். ஆட்டத்தின் இடையே பாய் களத்தைவிட்டு வெளியேறி, சிறிது நேரம் பாலூ அணியை நடத்த வழிவிட்டார். கால் நூற்றாண்டு உழைப்புக்கு இவருக்குக் கிடைத்த தலைமை அந்தச் சிறிது நேரமே. அதுவே நாற்றரப்புப் போட்டியில் பாலூவின் கடைசி ஆட்டமாகவும் அமைந்தது. இவரோடு ஒப்பிடப்பட்ட ரோட்ஸ், தமது 52 ஆவது வயதிலும் இங்கிலாந்துக்காகத் தேர்வுத் துடுப்பாட்டம் ஆடினார். இந்தியா தன் முதல் தேர்வுப் போட்டியை 1932 இல்தான் ஆடியது. அப்போது பாலூவுக்கு வயது 56.

33 முதல்தர ஆட்டங்களில் 15.21 சராசரியில் 179 இலக்குகள் என்பது இவரது கணக்கு. 1923 இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டே இந்துக்கள் கோப்பையை வென்றனர்.

அரசியல்

ஓய்வுக்குப் பின் பாலூ பொதுவாழ்வில் ஈடுபட்டார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் கோரியபோது, சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவும் இந்து மகாசபையின் மூஞ்சேயும் செய்துகொண்ட கூட்டுத் தொகுதி உடன்பாட்டைப் பாலூ ஆதரித்தார். 1932 செப்டம்பரில் புனே ஒப்பந்தத்திற்கான பேச்சுகளிலும் இவருக்குப் பங்கு இருந்தது. அம்பேத்கரின் மதமாற்ற அறிவிப்பையும் இவர் ஏற்கவில்லை.

1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் இவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர். இளமையில் தம்மை வியந்து போற்றியவரிடமே பாலூ தோற்றார். இருவரில் எவர் வழி சரியானது என்பது இன்றும் விவாதிக்கப்படுவது. ஆயினும் பாலூவைக் காங்கிரசின் கைப்பாவையாக மட்டும் காண்பது பொருந்தாது. மண்குவளையில் தொடங்கித் துணைத்தலைமை வரை சிறிது சிறிதாகக் கதவுகள் திறந்ததைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். உள்ளிருந்தே மாற்றம் வரும் என்ற அவரது நம்பிக்கைக்கு அந்த அனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதே அனுபவம் எதிர்முடிவுக்கும் இடம் தருவதே.

இறப்பு

பாலூ ஜூலை 4, 1955 அன்று பம்பாயில் காலமானார். இவரது வாழ்வு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. விட்டல் 1948 இல் மராத்தியில் எழுதிய தன்வரலாறே நெருங்கியவர் ஒருவர் விட்டுச்சென்ற முதன்மைப் பதிவு. இராமச்சந்திர குகா 2002 இல் வெளியிட்ட இந்தியத் துடுப்பாட்ட வரலாற்று நூல் பாலூவை மீண்டும் பொதுக் கவனத்திற்குக் கொண்டுவந்தது. 2001 இல் வெளிவந்த லகான் திரைப்படத்தில் வரும் கச்ரா என்னும் தாழ்த்தப்பட்ட பந்துவீச்சாளர் பாத்திரம் இவரோடு ஒப்பிட்டுப் பேசப்படுவதுண்டு.