திரைக்குப் பின்னால் நின்ற குருவானவர்



தவக்காலத்தின் இறுதி நாட்கள். ஆலய முற்றத்தில் விரித்த பாய்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். திரை விலகுகின்றது. சிலுவையிலே தொங்கும் ஆண்டவரின் திருச்சொரூபம் மெல்லத் தலை சாய்க்கின்றது. அந்தக் கணத்திலே முற்றமெங்கும் விம்மல் எழுகின்றது. மன்னார்ப் பேசாலையில் உடக்குப் பாஸ் கண்டவர்களுக்கு இந்தக் காட்சியை நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

உடக்கு என்பது அசையக்கூடியதாக அமைக்கப்பட்ட சொரூபம். திரைமறைவில் நிற்கும் சில கைகளே அதனை இயக்குகின்றன. அந்தக் கைகளுக்குரியவரை நாம் காண்பதில்லை; காண விரும்புவதும் இல்லை. ஆனால் இன்று ஒரு நாள் மட்டும், நீங்கள் என்னுடன் அந்தத் திரைக்குப் பின்னால் வரவேண்டும் என்று அழைக்கிறேன். அங்கே, சொரூபத்தை அசைக்கும் கைகளுக்கும் பின்னால், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு அப்பால், கையில் எழுத்தாணியுடன் ஒரு குருவானவர் அமர்ந்திருக்கிறார். அவரே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தவக்காலத்தில் நம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் இராகத்தோடு ஓதப்படும் வியாகுலப் பிரசங்கத்தை நமக்குத் தந்தவர் அவர்தாம்.

நம்முள் பலருக்குப் பிரசங்கம் தெரியும். அதன் இராகம் காதில் விழுந்தவுடன் பாட்டியின் முகமும் நினைவுக்கு வரும். ஆனால் அதை இயற்றியவரின் பெயரைக் கேட்டால் தயங்குவோம். குருமடத்தில் பயின்ற நாட்களில் நானும் அப்படித்தான் தயங்கினேன்.

1676ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் திகதி, கோவாவைச் சேர்ந்த திவார் என்னும் தீவில், கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். யேசு சபையாரிடம் கல்வி கற்றார். பின்னர் கோவாவின் ஒரற்றோரியன் சபையில் இணைந்து குருவானார். இந்தச் சபையைப் பற்றி ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரி, தமது செபக்கூடத்திலே மக்களைக் கூட்டி, மறையுரையோடு பாடலையும் இசையையும் கலந்து செபிக்கப் பழக்கினார். அந்தச் செபக்கூடத்தின் பெயராலேயே ஒரற்றோரியன் சபை உருவாயிற்று. மேலைநாட்டு அரங்குகளில் இன்றும் பாடப்படும் ஒரற்றோரியோ என்னும் பேரிசை வடிவத்துக்கும் அதே செபக்கூடம்தான் பெயர் கொடுத்தது. பாட்டினால் செபிக்கும் மரபில் வளர்ந்த ஒருவரையே இறைவன் நமது மண்ணுக்கு அனுப்பிவைத்தார் என்பதை மனதில் இருத்துங்கள்.

அவர் வந்த காலம் எத்தகையது? 1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவுக்குத் தம் வீட்டிலே இடமளிப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் பறிபோயின. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் ஆயனில்லா ஆடுகளாய் வாழ்ந்தார்கள். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப் போலவும் பிச்சைக்காரனைப் போலவும் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்தபடி வீடு வீடாகச் சென்று, அதனைக் கண்டு யாருடைய கண்கள் ஒளிர்கின்றன என்று பார்த்து, அதைக்கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பது நீங்கள் அறிந்ததே. சில்லாலை மக்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காத்தார்கள்.

நத்தார் என்று நாம் சொல்லும் சொல்லே போர்த்துக்கேயரின் நாத்தால் என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை மட்டுமன்றி அந்தத் திருநாளையும் காப்பாற்றுவதற்கு நம்மவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1689ஆம் ஆண்டளவில் ஒரு நத்தார் இரவிலே, யாழ்ப்பாணத்து வீடுகளில் மறைவாகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். தலைவர்களாய் நின்ற எண்மர் கசையடிபட்டு, ஆயுள் முழுவதும் கடின உழைப்புக்கென அனுப்பப்பட்டார்கள். இன்று நாம் மின்விளக்கு அலங்காரத்தோடு கொண்டாடும் நள்ளிரவுத் திருப்பலியின் பின்னணியில் அந்த இரவும் இருக்கின்றது.

இத்தகைய நாட்டுக்குத்தான் 1705ஆம் ஆண்டு, தமது இருபத்தொன்பதாவது வயதில், கொன்சால்வெஸ் அடிகளார் வந்துசேர்ந்தார். மன்னார்ப் பகுதியில் பணியைத் தொடங்கிய அவர் தமிழைத் தமது மொழியாக்கிக்கொண்டார். பின்னர் கண்டிக்குச் சென்று, யோசப் வாஸ் அடிகளாரின் விருப்பப்படி சிங்களத்தையும் ஆழமாகக் கற்றார். கண்டி மன்னர்கள் பௌத்தர்களாயினும், ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட இந்தக் குருக்களுக்குத் தங்கள் நாட்டிலே இடமளித்தார்கள். வீர நரேந்திரசிங்கனின் ஆட்சியில் கொன்சால்வெஸ் அடிகளாரின் புலமை அரசவையிலும் மதிக்கப்பட்டது. 1711 சனவரி 16ஆம் திகதி யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பணியின் பெருஞ்சுமை, இளைய தோழராகிய கொன்சால்வெஸ் அடிகளாரின் தோள்களிலும் விழுந்தது.

இப்போது அவர் முன்னிருந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். தீவு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்களே இருந்தார்கள். ஓர் ஊரார் குருவைக் காண்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. குருவின்றித் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அப்படியானால் பெரிய வாரம் வரும்போது அந்த மக்கள் என்ன செய்வார்கள்? நினைவு தேய்ந்து தேய்ந்து, ஓரிரு தலைமுறையில் விசுவாசமே அணைந்து போகாதா?

இந்தக் கேள்விக்கு அடிகளார் கண்ட விடைதான் வியாகுலப் பிரசங்கம். ஆண்டவரின் திருப்பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்து, குரு இல்லாத இடத்திலும் மக்களே கூடி ஓதத்தக்க விதத்தில் அவர் எழுதினார். அதன் ஓசையில் நம்மூர் ஒப்பாரியின் சாயல் இருப்பதைக் கேட்டவர்கள் உணர்வார்கள். செத்தவீட்டிலே ஒரு தாய் தன் பிள்ளையின் அருமை பெருமைகளைச் சொல்லிச் சொல்லி அழுவதைப் போலத்தான் நாம் கல்வாரியின் அடியில் நின்று அழுகிறோம். எழுத்தறியாத மூதாட்டிக்கும் அதைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை. துயரத்தின் மொழி அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது; அந்தத் துயரத்தை ஆண்டவரின் பாதத்தில் வைக்கும் வழியை மட்டுமே அடிகளார் காட்டிக்கொடுத்தார்.

ஏட்டுக்கு உயிர் கொடுத்தவர்கள் மூப்பரும் அண்ணாவியாருமே. இன்று நாம் அண்ணாவியார் என்றால், எஸ்தாக்கியார் நாடகத்தையும் மூவிராசாக்கள் நாடகத்தையும் பழக்கி ஆடவைக்கும் கூத்து ஆசானையே நினைக்கிறோம். ஆனால் அந்த மறைபரப்பு நாட்களிலோ, குரு இல்லாத வேளையில் மக்களைக் கூட்டிச் செபத்தை நடத்திய பொதுநிலையினரையே அந்தப் பெயர் குறித்தது. கூத்துக் களரியும் செபக் கூட்டமும் நம் மக்களிடையே எவ்வளவு நெருங்கி வளர்ந்தன என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

அந்நாளில் கத்தோலிக்கருக்கு அச்சகம் இல்லை. எனவே அடிகளார் எழுத்தர்களை அமர்த்தி, ஓலைகளில் படியெடுப்பித்து, ஊர் ஊராக அனுப்பினார். தமிழிலும் சிங்களத்திலும் போர்த்துக்கேயத்திலும் அவர் ஆக்கிய நூல்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுள் அகராதிகளும் உண்டு. அதே ஆண்டுகளில்தான் பாக்கு நீரிணைக்கு அப்பால் வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடிக்கொண்டிருந்தார். முனிவரின் காவியத்தைப் புலவர்கள் போற்றினார்கள். அடிகளாரின் பிரசங்கத்தை மீனவத் தாய்மார் மனனம் செய்தார்கள். ஆண்டவருடைய திராட்சைத் தோட்டத்தில் இரண்டு பணிகளும் தேவைப்பட்டன.

இனி, நம்மில் பலர் அறியாத ஒரு செய்திக்கு வருகிறேன். தமிழில் நமக்கு வியாகுலப் பிரசங்கத்தைத் தந்த அதே கரம், சிங்கள மக்களுக்குத் துக்பிராப்தி பிரசங்கய என்னும் நூலைத் தந்தது. தவக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் ஆலயங்களில் எழும் புலம்பலும் அவர் வழி வந்ததே. நீர்கொழும்பு துவைத் தீவின் பாஸ்கு, 1923இல் பொரலஸ்ஸவில் லோரன்ஸ் பெரேரா தொடங்கிய பெரும் பாஸ்கு, 1965இல் மரியசேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் மேடையேற்றிய திருப்பாடுகளின் காட்சிகள் ஆகிய அனைத்துக்கும் முன்னே, மக்களின் மொழியில் திருப்பாடுகளை ஓதும் மரபை வேரூன்றச் செய்தவர் அவர். ஜெர்மனியின் ஒபரமேர்காவ் ஊரார், 1633இல் கொள்ளைநோயிலிருந்து தப்புவதற்காகச் செய்த நேர்ச்சையின்படி, 1634 முதல் தங்கள் பாஸ்குவை நடத்திவருகிறார்கள். அதைக் காண உலகமே திரள்கின்றது. அங்கே கொள்ளைநோய் பெற்றெடுத்த பக்தியை, இங்கே வேதகலாபனை பெற்றெடுத்தது.

1742 யூலை 17ஆம் திகதி, இன்றைய சிலாபம் மறைமாவட்டத்திலுள்ள போலவத்தையில் அடிகளார் கண்மூடினார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் இந்தத் தீவுக்கு உழைத்த அவருடைய நாட்களில் கத்தோலிக்கருக்குச் சுதந்திரம் கிடைக்கவில்லை. தாம் விதைத்தது முளைத்துப் பெருமரமானதை அவர் காணவில்லை. யோசப் வாஸ் அடிகளார் 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் ஆர்ப்பரித்தோம். அவரருகே நின்று அந்த விசுவாசத்துக்கு மொழி கொடுத்தவரையும் நன்றியோடு நினைப்பது நம் கடன் அல்லவா?

அன்பானவர்களே, நான் இவ்வளவையும் எழுதியது பழைய செய்திகளை அறிவிப்பதற்காக மட்டுமன்று. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த நம்மவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் மாண்டார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் திருப்பலி கண்டுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு தாய் தமிழில் அழுதாள். ஒரு தாய் சிங்களத்தில் அழுதாள். இருவருக்கும் வியாகுல மாதாவின் கண்ணீரைக் கற்பித்தவர் ஒரே குருவானவர். இதை நாம் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நமது அழுகையை அவர்கள் கேட்கவில்லை என்று நாம் மனம் நோகிறோம். அந்த நோவில் நியாயமும் உண்டு. ஆயினும் அவர்களுடைய அழுகையை நாம் எவ்வளவு கேட்டோம் என்ற கேள்வியும் சிலுவையடியில் நம்மை நோக்கி எழத்தான் செய்கின்றது. கல்வாரிப் பாதையில் தம்மைக் கண்டு அழுத பெண்களை, தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் அழும்படி ஆண்டவர் திருப்பிவிட்டார். சொரூபத்தைப் பார்த்து அழுவது எளிது. அயலவரின் பிள்ளைக்காக அழுவதுதான் கடினம்.

மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இப்போது பல இடங்களில் பிரசங்கம் ஒலிபெருக்கியில் பதிவு நாடாவாகவோ குறுவட்டாகவோ ஒலிக்கின்றது. அதில் குற்றமில்லை. ஆனால் குருவே இல்லாத நாட்களிலும் மக்களின் வாய் ஓயக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட ஒன்று, குருக்களும் ஆலயங்களும் நிறைந்த இந்நாளில் இயந்திரத்தின் வாயில் மட்டும் தங்கிவிடலாமா? துணியில் சுற்றி வைத்திருக்கும் அந்தப் பழைய புத்தகத்தை அம்மம்மாவோடு அமர்ந்து திறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு பிரசங்கத்தையாவது அவருடைய இராகத்திலேயே கற்றுக்கொள்ளட்டும். கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைகளுக்குத் தொலைபேசியிலாவது அந்தக் குரல் போய்ச் சேரட்டும். அந்த இராகம் ஏட்டில் இல்லை. அது அவருடைய தொண்டையில்தான் இருக்கின்றது. அவர் போனபின் நாம் எங்கே போய்த் தேடுவோம்?

இந்தத் தவக்காலத்தில் திரை விலகி ஆண்டவர் தலை சாய்க்கும் வேளையில், திரைக்குப் பின்னால் நிற்கும் கைகளுக்காகவும், அவற்றுக்கும் பின்னால் ஓலையும் எழுத்தாணியுமாக அமர்ந்திருந்த அந்தக் கோவா நாட்டுக் குருவுக்காகவும் ஒரு நிமிடம் நன்றி கூறுங்கள். அப்படியே, அதே இரவில் வேறொரு மொழியில் அதே புலம்பலை ஓதிக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்காகவும் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். வியாகுலத் தாய் நம் இரு கண்ணீரையும் ஒரே முந்தானையில் துடைப்பாளாக! ஆமென்.