முத்திரிக் கிணற்றுத் தண்ணீர்



தென் திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைத்த சான்றோர் மக்கள் தலைக்கும் வரி கட்டினார்கள், ஏறுகிற பனைக்கும் வரி கட்டினார்கள். கூலியில்லாத ஊழியமும் செய்தார்கள். ஆண்மக்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. தாய்மார் தோளில் சீலை இடக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. கோயிலுக்குள் போக வழியில்லை. இத்தனை தடையும் சாமியின் பேரைச் சொல்லித்தான் காக்கப்பட்டது.

1809-ல் பூவண்டன்தோப்பில் பொன்னுமாடனுக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பேரிட்டார்கள். அந்தப் பேரையே மேல்சாதியார் பொறுக்கவில்லை. முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அவர் கொல்லம் 1008 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார். ஆறு ஆண்டு தவமிருந்தார். அந்தப் பூவண்டன்தோப்புதான் இன்றைய சாமித்தோப்பு.

தவம் காண வந்த பதினெட்டுச் சாதி மக்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரிக் குளித்தார்கள், குடித்தார்கள். அதுவே முத்திரிக் கிணறு. வீட்டுக்குள் குழாய் வந்துவிட்ட நமக்கு இது சின்னக் காரியமாகத் தோன்றலாம். ஒருவர் தொட்ட தண்ணீரை மற்றவர் தொட்டால் தீட்டு என்று குளத்துக்குக் குளம் காவல் நின்ற காலம் அது. வந்தவர்கள் குளித்த பிறகு ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். அந்த உணவுக்குள்ளும் சாதி வரவில்லை.

அய்யா ஆண்மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்கச் சொன்னார். அரசனுக்கு முன்னே கட்டக்கூடாத துணியை ஆண்டவன் முன்னே கட்டச் சொன்னார். குனிந்தே பழகிய முதுகு முதன்முதலாக நிமிர்ந்தது வழிபாட்டில்தான். பூசாரியும் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம் என்றார். உழைத்துச் சேர்த்த காசு வீட்டில் தங்கியது.

அரண்மனைக்குக் கோள் போயிற்று. சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்களால் அய்யா திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரு சாதியோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு அவர் இணங்கவில்லை. கொல்லம் 1014 மாசியில் விடுதலையாகி வந்தார்.

பிறகு எழுநூறு குடும்பங்களைக் கடலோரத்தில் வாகைப்பதிக்கும், அடுத்து முட்டப்பதிக்கும் துவையல் தவசுக்கு அனுப்பினார். நாளுக்கு மூன்று வேளை கடலில் குளிக்க வேண்டும், உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். ஒருவேளைச் சோறு, அதுவும் மீன் இறைச்சி இல்லாமல். அழுக்குச் சாதி என்று ஏசப்பட்ட மக்கள் அவர்கள். பசியும் நோயும் தாங்கி, குடும்பம் குடும்பமாக அந்தத் தவத்தை நடத்தினார்கள். சுத்தம் பிறப்பில் வருவதா, துவைப்பதில் வருவதா என்பதை அந்தக் கரை கண்டது.

ஊருக்கு ஊர் நிழல்தாங்கல்கள் எழும்பின. அங்கே வணக்கமும் நடந்தது, அன்னமும் கிடைத்தது. பள்ளிக்கூடம் காணாத பிள்ளைகள் எழுத்தும் படித்தார்கள். அய்யா 1851-ல் வைகுண்டம் ஏகினார். இன்றும் சாமித்தோப்புப் பதிக்கு வருகிறவர்கள் முதலில் முத்திரிக் கிணற்றுக்குப் போய்த்தான் பதம் விடுகிறார்கள்.